பூச்சாண்டி கதைக்குள் இருக்கட்டும்!

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. நெசவாளர் ஊர். ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் இத்தகைய ஊர்களில் வேலை பாதியாகிவிடும். தெருவில் பாவு நீட்ட முடியாது. தறிக்குழியில் நீர் ஊறும். தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய சேலைகளைக் கொடுத்தாகிவிட்டது. அடுத்த பாவு எப்போது வரும் என்று பெரியவர்கள் கவலையோடு காத்திருப்பார்கள்.

மாலை ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. மின்சாரமும் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். நாள் முழுவதும் வீட்டுக்குள் அடைபட்ட குழந்தை அழுகிறது, அடம் பிடிக்கிறது, சோற்றைத் தள்ளிவிடுகிறது. பெரியவர்களுக்குப் பொறுமை போய்விடுகிறது. உடனே அந்த வார்த்தை வந்துவிடுகிறது: "வாயை மூடு, பூச்சாண்டி வரான்!"

குழந்தை வாயை மூடிவிடுகிறது. கண் மட்டும் வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வீடு அமைதியாகிவிட்டது. ஆனால், அந்த அமைதிக்கு நாம் என்ன விலை கொடுத்தோம்?

அதே தெருவில், அதே இருட்டில், இன்னொரு வீட்டைப் பாருங்கள். ஒரு விளக்கு எரிகிறது. ஆயா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒன்று, பக்கத்தில் இரண்டு என்று பேரப் பிள்ளைகள். அங்கேயும் பேய்தான் வருகிறது. ஆனால் கதையில் வருகிறது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள், ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனாலும், "அப்புறம் என்ன ஆச்சு, ஆயா?" என்று கேட்கிறார்கள். நிறுத்தினால் விடமாட்டேன் என்கிறார்கள்.

இரண்டு வீட்டிலும் பேய் வந்தது. ஒரு வீட்டில் குழந்தை நடுங்கியது. இன்னொரு வீட்டில் குழந்தை மகிழ்ந்தது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பெற்றோர்களும் ஆசிரியர்களும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

முடிவு இல்லாத பூச்சாண்டி

அதட்டலில் வரும் பூச்சாண்டிக்கு முடிவு கிடையாது. அவன் எங்கிருந்து வருகிறான், எதற்காக வருகிறான், வந்து என்ன செய்வான், எப்போது திரும்பிப் போவான் என்று எதையும் யாரும் சொல்வதில்லை. குழந்தை தூங்கின பிறகும் அவன் வாசலிலேயே நிற்கிறான். மறுநாள் கொல்லைப்புறம் போகவும் அது தயங்குகிறது.

கதையில் வரும் பேய் அப்படியல்ல. அதற்கு ஊர் உண்டு, பேர் உண்டு, பசி உண்டு, ஏமாந்துபோகிற புத்தியும் உண்டு. கதைக்கு ஆரம்பம் இருப்பது போல முடிவும் இருக்கிறது. முடிவில் பேய் ஓடுகிறது, அல்லது நண்பனாகிறது. கதை முடிந்தால் பேயும் முடிந்தது. குழந்தை பயத்துக்குள் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பி வருகிறது. போய் வந்த தைரியம் அதற்குச் சொந்தமாகிவிடுகிறது.

எனவே நாம் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பேயைக் கதையில் வையுங்கள், அதட்டலில் வைக்காதீர்கள். இதைச் செய்வதற்கு ஊர் தோறும் சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கதை நேரம் நடத்த வேண்டும்.

அயல்நாட்டில் ஒரு பேய்த் திருநாள்

அக்டோபர் 31-ஆம் தேதி மேல்நாடுகளில் 'ஹாலோவீன்' என்று கொண்டாடுகிறார்கள். குழந்தைகள் பேய் வேஷமும் சூனியக்காரி வேஷமும் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள். வாசலில் பரங்கிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்திருப்பார்கள். நூலகங்களிலும் பள்ளிகளிலும் சிறுவர்களைக் கூட்டிப் பேய்க் கதை சொல்வார்கள்.

இதன் வேர் அயர்லாந்து போன்ற நாடுகளின் பழைய அறுவடை விழாவில் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவில் இறந்தவர்கள் உலவுவார்கள் என்று அந்த மக்கள் நம்பினார்கள். பின்னாளில் கிறிஸ்தவ சமயத்தில் நவம்பர் 1 எல்லாப் புனிதர்களின் திருநாளாகவும், நவம்பர் 2 இறந்தவர்களை நினைக்கும் நாளாகவும் அமைந்தன. 1845-ல் தொடங்கிய பெரும் பஞ்சத்தின்போது அயர்லாந்து மக்கள் லட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களைப் போன்ற குடியேறிகளோடு இந்த வழக்கமும் போயிற்று. சொந்த நாட்டில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்குப் புது நாட்டில் பெரிய பெரிய பரங்கிக்காய் கிடைத்தது.

இப்போது நமது சென்னையிலும் சில தனியார் பள்ளிகள் ஹாலோவீன் கொண்டாடுகின்றன. 'நமக்கு எதற்கு இந்தக் கூத்து?' என்று சிலர் கோபிக்கிறார்கள். 'நாகரிகம் வளர்கிறது' என்று சிலர் பூரிக்கிறார்கள். இருவருமே கொஞ்சம் நிதானிக்கலாம்.

ஏனென்றால் இதில் நமக்குத் தெரியாத புதுமை அதிகம் இல்லை. நவம்பர் 2-ஆம் தேதி நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் கல்லறைத் திருநாள் கொண்டாடுவதைப் பார்க்கிறோம். கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மலர் தூவி, மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். இந்துக்கள் மகாளய அமாவாசையில் முன்னோரை நினைக்கிறார்கள். வட தமிழ்நாட்டின் அங்காளம்மன் கோயில்களில் மாசி மாதத்துச் சிவராத்திரிக்கு அடுத்த அமாவாசையில் மயானக் கொள்ளை நடக்கிறது. காளி வேஷக்காரர்கள் ஆவேசமாகச் சுடுகாட்டுக்குப் போவதை அப்பாவின் தோளில் உட்கார்ந்து எத்தனை குழந்தைகள் பார்த்திருக்கின்றன!

பூசணிக்காயில் முகம் எழுதுவதும் நமக்குப் புதிதா? புது வீட்டு வாசலில் கோரைப் பல்லும் உருட்டு விழியுமாகத் தொங்கும் திருஷ்டிப் பூசணி என்னவாம்?

2024-ல் ஒரு வேடிக்கை நடந்தது. ஹாலோவீனும் தீபாவளியும் அக்டோபர் 31-ஆம் தேதியிலேயே சேர்ந்து வந்தன. அங்கே குழந்தைகள் பேய் வேஷம் கட்டிய நாளில், இங்கே குழந்தைகள் ஓர் அசுரனின் கதையைக் கேட்டு மத்தாப்புக் கொளுத்தினார்கள். இருட்டு நீளும் காலத்தில் விளக்கேற்றி, பயத்தை விளையாட்டாக்கிக்கொள்வது மனித சுபாவம். அது எந்த நாட்டுக்கும் தனிச் சொத்தன்று.

ஆகவே, ஐயம்பேட்டையில் கடையில் வாங்கிய சூனியக்காரித் தொப்பி தேவையில்லை. மேல்நாட்டாரைப் பழிக்கவும் தேவையில்லை. குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்லும் நல்ல வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். கதைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

நமது பக்கத்துப் பேய்கள்

காஞ்சிபுரத்துக்கு வடக்கே, அரக்கோணத்துக்கு அப்பால், திருவாலங்காடு இருக்கிறது. அங்கே வழிபடப்படும் காரைக்கால் அம்மையார் ஒரு பேய்! பேய் வடிவத்தைத் தாமே விரும்பிக் கேட்டுப் பெற்றவர். அவர் கதையைப் பெரிய புராணத்தில் பாடிய சேக்கிழார் குன்றத்தூர்க்காரர்; இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்.

புனிதவதி என்ற பெண். கணவன் இரண்டு மாம்பழம் அனுப்பினான். பசியோடு வந்த சிவனடியாருக்கு அவள் ஒன்றைக் கொடுத்துவிட்டாள். சாப்பிட வந்த கணவன் முதல் பழத்தைத் தின்றான். ருசியாக இருக்கவே இரண்டாவதையும் கேட்டான். அவள் உள்ளே போய் இறைவனை வேண்டினாள். கையில் ஒரு பழம் வந்தது. அதன் ருசியோ அதிசயமாக இருந்தது. 'இது ஏது?' என்று கேட்டான். நடந்ததைச் சொன்னாள். 'இன்னொன்று வரவழை, பார்க்கலாம்' என்றான். வந்தது. அவன் கையில் வாங்கினான், மறைந்துவிட்டது! அவன் பயந்து ஊரை விட்டே போய்விட்டான். பின்னால் அவள் அழகிய வடிவத்தை உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டாள். கயிலை மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து ஏறினாள். அந்த எலும்புருவத்தைப் பார்த்துச் சிவபெருமான் என்ன சொல்லி அழைத்தார் தெரியுமா? 'அம்மா' என்று அழைத்தார்.

நாலு வயதுக் குழந்தைக்கு இதைவிட நல்ல பேய்க் கதை வேறென்ன வேண்டும்? மாம்பழம் இருக்கிறது, மாயம் இருக்கிறது, தலைகீழ் நடை இருக்கிறது. பயங்கரமாகத் தோன்றும் உருவத்துக்குள் ஒரு தாய் இருக்கலாம் என்ற பாடமும், யாரும் சொல்லாமலே மனத்தில் பதிந்துவிடுகிறது.

சிரிக்கவைக்கும் பேய்கள் வேண்டுமா? ஜெயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப் பரணியைத் திறக்கலாம். முதற் குலோத்துங்க சோழன் பாலாற்றங்கரையில் வேட்டையாடிவிட்டுக் காஞ்சியில் தங்கியிருந்தபோதுதான் கலிங்கப் போருக்கு ஆணை பிறந்ததாக அந்த நூல் சொல்கிறது. போர் முடிந்ததும் பசித்த பேய்கள் கூடிக் கூழ் காய்ச்சுகின்றன. வரிசையாக உட்கார்ந்து கூழ் வாங்கிக் குடிக்கின்றன. ஆத்திரப்படுகிற பேய் ஒன்று, கையைக் காட்டிப் பேசும் பேய் ஒன்று, எத்தனை ரகம்!

அந்தக் கூழ் எதனால் காய்ச்சியது என்பது பெரியவர்களுக்கு. குழந்தைகளுக்கு அது வேண்டாம். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வாசலில் சொம்போடு நின்று கூழ் வாங்கிய குழந்தைகளுக்கு, பேய்களும் அப்படி வரிசையில் நின்று இடித்துக்கொண்டன என்று சொன்னால் போதும். விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால், பேச முடியாதவரையும் பார்வை இல்லாதவரையும் கேலி செய்யும் பாவனை சொல்பவருக்கு வரக் கூடாது. பசியின் அவசரத்தைப் பார்த்துச் சிரிக்கட்டும். ஊனத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

எல்லாக் கதையும் எல்லா வயதுக்கும் ஏற்றதன்று. அதே திருவாலங்காட்டுப் பக்கத்துப் பழையனூர் நீலி கதை பழியும் நெருப்பும் நிறைந்தது. அது சிறுவர்களுக்கு ஏற்காது. வேதாளமும் விக்கிரமாதித்தனும் வரும் கதைகள் எட்டு வயதுக்கு மேல் ருசிக்கும். ஒவ்வொரு கதையின் முடிவிலும் வேதாளம் ஒரு நியாயத்தைக் கேட்கிறது அல்லவா? அதற்கு விடை யோசிக்கிற வயது வர வேண்டும். 1947 முதல் வெளிவந்த 'அம்புலிமாமா' பத்திரிகையில் முதுகில் பிணத்தைச் சுமந்து நடக்கும் அரசன் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று தாத்தாக்கள். அவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லை!

பாரதியார் கோபம்

'பகுத்தறிவு வளர வேண்டிய காலத்தில் பேய்க் கதை சொல்வதா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மரத்தில் பேய், குளத்தில் பேய் என்று நடுங்கிச் சாகும் ஜனங்களைப் பார்த்துப் பாரதியார் நெஞ்சு கொதித்துப் பாடினார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-லேயே மறைந்துவிட்டார். 1961-ல் வெளிவந்த 'அரசிளங்குமரி' படத்தில் அவருடைய பாட்டு ஒன்று, வேப்பமரத்துப் பேயைச் சொல்லிச் சிறுவனின் வீரத்தை முளையிலேயே கிள்ளுகிற வீணர்களை நம்பாதே என்று எச்சரித்தது. எம்.ஜி.ஆர். ஒரு சிறுவனுக்குச் சொல்வதாக வரும் அந்தப் பாட்டைத் தமிழ்நாட்டில் கேளாதவர் யார்?

ஆனால் அந்தக் கவிஞர்கள் எதைக் கண்டித்தார்கள்? பேயை மெய் என்று சொல்லிக் குழந்தையைக் கோழையாக்குவதைக் கண்டித்தார்கள். நாம் கண்டிப்பதும் அதையேதான். கதையைக் கதை என்று சொன்னால் அதில் வஞ்சனை ஏது? ஆகவே கதை சொல்பவருக்கு ஒரு விதி. 'நம்ம தெருவிலேயே நடந்தது', 'என் கண்ணால் பார்த்தேன்' என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. 'ஒரே ஒரு ஊரிலே' என்றுதான் தொடங்க வேண்டும். அந்த வார்த்தை ஒரு வேலி. இப்பாலே வீடு, அப்பாலே கதை.

'நிஜமாகவே பேய் உண்டா?' என்று குழந்தை கேட்டால் மழுப்பக் கூடாது. 'இல்லை, கதையில்தான் உண்டு' என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். கடவுள் பக்தி வேறு, பேய்ப் பயம் வேறு. கோயில் சூழ்ந்த காஞ்சிப் பக்கத்தில் இதைச் சொன்னால் யாரும் வருத்தப்படமாட்டார்கள்.

இது பற்றி ஆராய்ச்சி செய்தவர்களும் உண்டு. 1935-ல் அமெரிக்காவில் ஆர்தர் ஜெர்சில்டும் பிரான்சிஸ் ஹோம்ஸும் குழந்தைகளின் பயங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். கைக்குழந்தை பெரிய சத்தத்துக்குப் பயப்படுகிறது. கொஞ்சம் வளர்ந்ததும் இருட்டும் கற்பனை உருவங்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அப்படிப் பயந்த குழந்தையைக் கேலி செய்வதும், பயந்த இடத்துக்குப் பிடித்துத் தள்ளுவதும் பலன் தருவதில்லை. பயந்த பொருளைச் சிறிது சிறிதாகப் பழக்கி, அதைச் சமாளிக்கும் திறமையைக் கொடுப்பதே பலன் தருகிறது. நமது ஆயாக்கள் எந்த நூலையும் படிக்காமலே கண்ட உண்மை இது.

1963-ல் மாரிஸ் செண்டாக் என்ற அமெரிக்க ஓவியர் ஒரு சிறுவர் புத்தகம் வெளியிட்டார். குறும்பு செய்ததற்காகச் சாப்பாடு இல்லாமல் படுக்கப் போன ஒரு சிறுவன், கற்பனைப் படகில் ஏறிக் கோரப் பல் பூதங்களின் தீவுக்குப் போகிறான். பூதங்களை அடக்கி ராஜாவாகிறான். பிறகு வீட்டு நினைவு வந்து திரும்புகிறான். சாப்பாடு அவனுக்காகச் சூடாகக் காத்திருக்கிறது. 'இது குழந்தைகளைப் பயமுறுத்தும்' என்று பெரியவர்கள் சிலர் கவலைப்பட்டார்கள். குழந்தைகளோ அதை விடவில்லை. சிறந்த சிறுவர் சித்திரப் புத்தகத்துக்கான பரிசும் 1964-ல் அதற்குக் கிடைத்தது. பூதம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கடைசியில் சூடான சோறு காத்திருக்க வேண்டும். நல்ல பேய்க் கதையின் இலக்கணம் இவ்வளவுதான்.

கட்டியங்காரனிடம் கற்போம்

கதை சொல்லும் முறையைக் கற்க அமெரிக்கா போக வேண்டாம். காஞ்சிபுரம், செங்கற்பட்டுப் பகுதித் தெருக்கூத்து போதும். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பின்னாலிருந்து சலங்கை ஒலிக்கிறது. கிரீடம் மட்டும் தெரிகிறது. ஓர் உறுமல். முன் வரிசைக் குழந்தைகளின் மூச்சு நின்றுவிடுகிறது. அடுத்த நிமிஷமே கட்டியங்காரன் ஓடி வந்து, 'யாரய்யா நீ?' என்று குறுக்குக் கேள்வி கேட்கிறான். சபை சிரிக்கிறது. பயமும் சிரிப்பும் மாறி மாறி வருவதால்தான் குழந்தை விடிய விடியக் கூத்துப் பார்க்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். பகலில் பிள்ளைகள் வேஷம் கட்டும் இடத்துக்கு ஓடிப் பார்ப்பார்கள். பாதி முகத்துக்கு வர்ணம் பூசிய அரக்கன் டீ குடித்துக்கொண்டிருப்பான். வேஷம் எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிட்ட குழந்தைக்கு இரவில் வேஷத்தைக் கண்டு பீதி இல்லை, மகிழ்ச்சிதான். இது பெரிய பாடம்.

எப்படி நடத்துவது?

நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை உள்ள பதினைந்து, இருபது குழந்தைகள் போதும். மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஆறேகாலுக்குள் முடித்துவிட வேண்டும். இருட்டில் தனியாக வீடு திரும்பும்படி யாரையும் விடக் கூடாது. அம்மாவோ ஆயாவோ உடன் இருக்கட்டும். மிகச் சின்னவர்கள் அவர்கள் மடியிலேயே இருக்கட்டும்.

மூன்று கதைகள் சொல்லலாம். முதலில் சிரிப்பு; நடுவில் கொஞ்சம் நடுக்கம்; கடைசியில் அமைதி. வரிசையை மாற்றக் கூடாது. நடுக்கத்தோடு குழந்தையை வீட்டுக்கு அனுப்பினால் அன்றிரவு அதன் தாய் தூங்க முடியாது!

விளக்கை முழுவதும் அணைக்கக் கூடாது. ஒரு கைவிளக்கைக் குழந்தைகளில் ஒருவரிடமே கொடுத்துவிடுங்கள். 'வேண்டும்போது ஏற்றிக்கொள்' என்று சொல்லுங்கள். வெளிச்சம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்த குழந்தை இருட்டுக்கு அஞ்சாது.

முகமூடி வைத்தால் முதலில் எல்லோரும் தொட்டுப் பார்க்கட்டும். அதற்குள் இருப்பவர் யார் என்று தெரிந்த பிறகு அவர் மாட்டிக்கொள்ளட்டும். பின்னாலிருந்து திடீரென்று கத்துவது வீரமல்ல. பயந்து அழும் குழந்தையைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கவும் விடக் கூடாது. எழுந்து போக விரும்பும் குழந்தைக்கு வாசல் திறந்தே இருக்கட்டும்.

பரங்கிக்காய் விளக்கு செய்ய ஆசையா? செய்யுங்கள். குடைந்த சதையைக் கூட்டு வைத்துவிடலாம். கொட்டாங்கச்சியில் ஓட்டை போட்டாலும் நல்ல பேய் முகம் வரும். உள்ளே மெழுகுவத்தி வேண்டாம். சின்னக் கைவிளக்கே போதும். குழந்தைகளும் மெல்லிய துணிகளும் இருக்கும் இடத்தில் நெருப்புக்கு வேலை இல்லை.

முக்கியமான ஒன்று. பேய் என்றால் கறுத்த முகம், வெள்ளைப் புடவை, விரித்த தலை என்று காட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பக்கத்து வீட்டில் வெள்ளைப் புடவையோடு ஒரு பாட்டி இருப்பாள். கறுப்பான குழந்தை ஒன்று அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும். அவர்கள் மனம் நோகும்படி ஒரு பேய் எதற்கு? நீல வாலும் மூன்று காதும் உள்ள பேயைக் குழந்தைகளே வரையட்டும். அதற்குப் பெயரும் அவர்களே வைக்கட்டும். தான் பெயர் வைத்த பேய்க்கு யாரும் பயப்படுவதில்லை.

ஒரு மாதிரிக் கதை

முதல் கதைக்கு நாவிதனும் பேயும் நல்ல ஆரம்பம். நம் நாட்டில் பல இடங்களில் வழங்கும் கதை இது. வங்காளத்தில் லால் பிஹாரி டே 1883-ல் தம்முடைய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பிலும் இதைச் சேர்த்தார்.

ஏழை நாவிதன் ஒருவன் பிழைப்புத் தேடிப் புறப்பட்டான். கையில் ஒரு பை. பைக்குள் ஒரு கண்ணாடி. இரவில் மரத்தடியில் படுத்தான். மரத்திலிருந்து பேய் குதித்தது. 'உன்னைத் தின்னப் போகிறேன்' என்றது. நாவிதனுக்கு உள்ளுக்குள் கிடுகிடு என்று நடுக்கம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. 'நான் பேய் பிடிக்க வந்தவன். இதோ, பையில் ஒருத்தன் இருக்கிறான், பார்' என்று கண்ணாடியை எடுத்துக் காட்டினான். பேய் தன் முகத்தையே பார்த்தது. இதற்கு முன் அது தன் முகத்தைப் பார்த்ததில்லை! 'ஐயோ, என்னையும் பையில் போட்டுவிடாதே. நீ சொன்னதைச் செய்கிறேன்' என்று காலில் விழுந்தது. நாவிதன் பொன்னும் நெல்லும் கேட்டான். பேய் கொண்டுவந்து கொட்டியது.

இதைச் சொல்லும்போது சொல்பவர் கையில் நிஜமாகவே ஒரு கண்ணாடி இருக்கட்டும். கதை முடிந்ததும் ஒவ்வொரு குழந்தையும் அதில் பார்த்துப் பேய் முகம் காட்டட்டும். பிறகு அந்த அறையில் பயம் எங்கே இருக்கும்?

யாருடைய மாலை நேரம்?

இவ்வளவையும் ஐயம்பேட்டையை வைத்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. காஞ்சிப் பட்டில் கோர்வை என்பது பெயர் பெற்ற வேலை. உடலும் கரையும் வேறு வேறு நிறம். இரண்டையும் நெய்யும்போதே கோத்துவிடுவார்கள். தறியில் ஒருவர் இருந்தால் போதாது. பக்கத்தில் கரைக்கு நாடா போட இன்னொருவர் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு சின்னக் குழந்தையாக இருந்தது. கதை கேட்கும் வயதில் அந்தக் குழந்தைகள் நாடா போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2009-ல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 2016-ல் பதினான்கு வயதுக்கு உட்பட்டவரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று விதித்தார்கள். ஆனால் பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்தும் வைத்தார்கள். ஆகவே மாலை நேரம் யாருடையது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. தறி கேட்கிறது, தனிப்பாடம் கேட்கிறது, இப்போது கைப்பேசியும் கேட்கிறது. கைப்பேசியில் வரும் பேய்ப் படம் நமது பழைய பூச்சாண்டியைவிடப் பொல்லாதது. அது குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை. நடுங்குகிறது என்று தெரிந்து நிறுத்துவதில்லை. 'பயப்படாதே, கண்ணு' என்று முதுகைத் தடவிக்கொடுக்க அதற்குக் கை இல்லை.

இடம் எங்கே என்று கேட்கலாம். 1948-லேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நமது மாநிலம். வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். எனவே நூலகம் நம்முடையது. வாரத்தில் ஒரு மாலை அதன் ஒரு மூலையைக் குழந்தைகளுக்கு ஒதுக்கக் கூடாதா? நூலகம் தூரம் என்றால் பள்ளிக்கூடம் இருக்கிறது. கோயில் மண்டபம் இருக்கிறது. மழை இல்லாத நாளில் திண்ணை இருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டம், தெருவிலேயே மாலையில் குழந்தைகளைக் கூட்ட முடியும் என்று காட்டியிருக்கிறது. செலவு ஒரு பாய், ஒரு விளக்கு, ஒரு கண்ணாடி. கதை சொல்ல ஆள் தேட வேண்டியதே இல்லை. கண் மங்கித் தறியை விட்டு இறங்கிய பெரியவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். 'நமக்கு என்ன வேலை இருக்கிறது?' என்று அவர்கள் மனம் சலித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இதைவிடப் பெரிய வேலை என்ன இருக்கிறது?

கதையும் ஒரு கோர்வை வேலைதான். ஒரு பக்கம் பயம், மறு பக்கம் சிரிப்பு. இரண்டையும் பிரியாமல் கோக்க வேண்டும். அதற்கும் இரண்டு பேர் வேண்டும்: சொல்ல ஒருவர், கேட்க ஒரு குழந்தை. முன்பு நாடா போடக் குழந்தையை உட்காரவைத்த இடத்தில், இனிக் கதை கேட்க உட்காரவைப்போம்.

இந்த ஐப்பசியில் மழை வரும், மின்சாரம் போகும், குழந்தை அழும். அப்போது நாக்கு நுனிக்கு வரும் பூச்சாண்டியை அப்படியே நிறுத்திப் பக்கத்தில் உட்காரவையுங்கள். 'ஒரே ஒரு ஊரிலே' என்று தொடங்குங்கள். அழுகை தானாக நிற்கும். 'அப்புறம்?' என்ற கேள்வி பிறக்கும். அந்தக் கேள்வி பிறந்த வீட்டில் கோழைக் குழந்தை வளராது.